காலை ஷிஃப்ட்: தே தாரிக், பால், தயிர், பன்னீர் – எது எட்டரை மணி வரைக்கும் தாங்குது, ஏன்?

டபுள்டெக்கர் எழுதியது:

வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனா பின்னணி சொல்லாம கேட்டா எல்லாரும் "ஓட்ஸ் சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. ஓட்ஸ் வேணாம். ஆறு மாசம் சாப்பிட்டுப் பார்த்தாச்சு, எனக்கும் அதுக்கும் ஒத்துவரல.

சிங்கப்பூர்ல பஸ் ஓட்டறேன், பதினோரு வருஷமா. உட்லண்ட்ஸ்ல கிளம்பி, கிராஞ்சி போர் நினைவிடம், புக்கிட் பாஞ்சாங், பியூட்டி வோர்ல்ட், பொட்டானிக் கார்டன், நியூட்டன்னு வந்து, தேக்கா தாண்டித் திரும்புற ரூட்டு. காலை ஷிஃப்டுன்னா 3:50க்கு அலாரம். 4:45க்கு வீட்டுலயே ஏதாவது வாயில போட்டாகணும். வண்டி 5:30க்கு எடுத்தா, போய்த் திரும்பி உட்லண்ட்ஸ்ல காலை கீழ வைக்கிறப்போ மணி எட்டரை. நடுவுல ஒரு பிஸ்கட் கூடக் கிடையாது.

பசின்னா சும்மா வயிறு கிள்ளுற பசி இல்ல. போன மாசம் ஒரு பாட்டி பையில கார்டு தேடிட்டு நின்னாங்க, ஒரு நிமிஷம் இருக்கும். நான் பல்லைக் கடிச்சேன். அவங்க பார்த்துட்டாங்க. "சாரி, தம்பி"ன்னு மாண்டரின் கலந்து ஏதோ சொல்லிட்டுப் போனாங்க. அன்னைக்குப் பூரா மனசே சரியில்ல. சக்கரை வேற எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு பலதுறை மருந்தகத்துல சொல்லி வெச்சிருக்காங்க.

அதனால நானே ஒரு சோதனை பண்ணினேன். ரெண்டு துண்டு ரொட்டி எப்பவும் போல. கூட வர்ற பால் அயிட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஒண்ணா மாத்தினேன். எந்த ஸ்டாப்புல பசி வருதுன்னு டூட்டி கார்டு பின்னாடி குறிச்சு வெச்சேன். மணி பார்க்க நேரமில்ல, ஸ்டாப்பு தானா மனசுல நிக்கும்.

தே தாரிக் (நுரை வர ஆத்தின பால் டீ), வீட்டுலயே கண்டென்ஸ்ட் பால் ஊத்தி: போகும்போதே நியூட்டன்ல பசி. ரெண்டு மணி நேரம்கூட முழுசா ஆகல.

மோர், மனைவி ஃபிளாஸ்க்ல ஊத்திக் கொடுத்தது: பியூட்டி வோர்ல்ட் வரும் முன்னாடியே பசி, கூடவே மூத்திரம். பஸ் ஓட்டறவனுக்கு அது தனி நரகம். ரெண்டே நாள்ல நிறுத்திட்டேன்.

முழுப்பால் 300 மில்லி, சக்கரை இல்லாம: திரும்பி வரும்போது பியூட்டி வோர்ல்ட் வரைக்கும் வந்தது. ஆனா போகும்போது கிராஞ்சியிலயே வயிறு கடமுடன்னு பேச ஆரம்பிச்சிடும், பெல்ட்டு இறுகும்.

கெட்டித் தயிர் ஒரு கிண்ணம்: திரும்பும்போது பொட்டானிக் கார்டன். பாலை விடக் கம்மி, இது எனக்கே ஆச்சரியம்.

பன்னீர் 100 கிராம், மிளகு போட்டு வதக்கி: திரும்பும்போது கிராஞ்சி. எட்டே கால். அடிச்சிக்க ஆள் இல்ல.

தயிர் சாதம், ரொட்டிக்குப் பதிலா: உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தும் பசி இல்ல. ஆனா புக்கிட் தீமா ரோட்டுல கொட்டாவி. 12 மீட்டர் வண்டியை வெச்சிக்கிட்டுக் கொட்டாவி விடக் கூடாது.

இப்போ கேள்வி. எல்லாம் ஒரே மாட்டுப் பால்தானே? ஒரு ரூபத்துல ரெண்டு மணி நேரம், இன்னொரு ரூபத்துல மூணரை மணி நேரம், இது எப்படி? இன்னொண்ணு, முழுப்பால் பாக்கெட்ல நியூட்ரி-கிரேட் (பானங்களுக்கு ஏ-லேர்ந்து டி வரைக்கும் போடுற தர எழுத்து) "சி" போட்டிருக்கு. பக்கத்துலயே இருக்கிற ஸ்ட்ராபெரி தயிர் பானத்துக்கு "பி". அப்போ இனிப்புத் தண்ணிதான் நல்லதா?

---

ஜிம்_தெம்பனிஸ்:

அண்ணே, ரொம்ப யோசிக்காதீங்க. வே புரோட்டீன் ஒரு ஸ்கூப், தண்ணியில ஒரு குலுக்கு, முப்பது செகண்ட்ல வேலை முடிஞ்சது. 20 கிராமுக்கு மேல புரோட்டீன், சக்கரை கிட்டத்தட்ட இல்ல. வே-யும் பால்லேர்ந்து வர்றதுதானே. ஜிம்முக்கு முன்னாடி நான் அதைத்தான் குடிக்கிறேன், பசியே தெரியாது.

---

டபுள்டெக்கர்:

ஜிம்முல எத்தனை மணி நேரம் இருப்பீங்க தம்பி?

---

ஜிம்_தெம்பனிஸ்:

ஒண்ணேகால் மணி நேரம். சரி சரி, புரியுது 😅

---

போத்தோங் பாசிர் அக்கா:

தம்பி, உங்க ரூட்டைப் படிச்சதும் சிரிச்சிட்டேன். ரெண்டு முனையிலயும் பால்தான் ஓடுது. புக்கிட் பாஞ்சாங் தாண்டினா டெய்ரி ஃபார்ம் ரோடு, ஒரு காலத்துல நிஜமாவே மாட்டுப் பண்ணை இருந்த இடம். அந்தக் கோடியில தேக்காவுல பஃபலோ ரோடு, அதுக்குப் பக்கத்துலயே கெர்பாவ் ரோடு, மலாய்ல அதுவும் எருமைதான். கேகே ஆஸ்பத்திரிப் பேரு கூட காண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். நம்ம ஆளுங்க மாடு கட்டிக் கறந்து வீடு வீடா ஊத்தின பேட்டை அது. எங்க வீட்டுக்கும் பால்காரர் ஒருத்தர் சைக்கிள்ல வருவார். அளக்கிற குவளையைப் பாத்திரத்து விளிம்புல ஒரு தட்டு தட்டி ஊத்துவார், அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம்.

விஷயத்துக்கு வர்றேன். மோர் குடிச்சுப் பசி தாங்கணும்னு எதிர்பார்த்தது உங்க தப்பு. மோரைப் பெருக்கித்தான் குடிக்கணும்னு பழையவங்க சொல்வாங்க, அதாவது தண்ணி தாராளமா விட்டு. சாப்பாட்டு முடிவுல வயித்தை லேசாக்கறதுக்கு இருக்கிற சாமான் அது. இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டா இன்னும் பசிக்கத்தான் செய்யும். நோய்ல கிடந்து எழுந்தவங்களுக்கு, வாய் கசக்குது, சோறு இறங்கலைன்னா, எங்கம்மா முதல்ல மோர்தான் கொடுப்பாங்க.

தயிர் சாதத்துல கொட்டாவி வந்ததுக்குத் தயிரைக் குத்தம் சொல்லாதீங்க. எவ்வளவு சோறு போட்டீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. உங்க மனைவி கையளவு எனக்குத் தெரியாது, என் கையளவு தெரியும்.

பாலுக்கு வயிறு கடமுடங்குதுன்னா அது வேற கதை, அதை யாராவது படிச்சவங்க சொல்வாங்க.

---

லேப்கோட்:

நான் ஊட்டச்சத்து நிபுணர் இல்லை. ஓர் உணவுத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் பால் பொருட்களோடு பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். உங்கள் டூட்டி கார்டு எங்கள் லேப் நோட்டைவிட ஒழுங்காக இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான பால் எடுத்து அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஒரு நிமிடத்தில் வெள்ளைத் திப்பிகள் கீழே சேரும், மேலே மஞ்சள் கலந்த தண்ணீர் நிற்கும். உங்கள் இரைப்பையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. திப்பி, கேசீன். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். தண்ணீரில் கரைந்து நிற்பது வே, மீதி ஒரு பங்கு. வே தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் குடலுக்கு இறங்கிவிடும். கேசீன் கட்டி இரைப்பையிலேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மணிக்கணக்கில் இறங்கும்.

அதற்காக வே மோசம் என்று நான் சொல்லவில்லை. தெம்பனிஸ் தம்பி சொன்னதில் பாதி சரி. வே குடலுக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால், "போதும்" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும் ஜிஎல்பி-1, கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்கள் உடனே ஏறும். முதல் ஒன்றரை மணி நேரத்துக்கு நன்றாகவே பசி அடங்கும். அவருக்கு ஒண்ணேகால் மணி நேரம் போதும். உங்களுக்கு மூன்றே முக்கால்.

இப்போது தே தாரிக். இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்ட் பாலில் சர்க்கரை மட்டும் 20 கிராமுக்கு மேல், புரதம் 3 கிராம்தான். பால் என்று பேர், நடத்தை சர்க்கரைத் தண்ணீருடையது. டின்னையும் திருப்பிப் பாருங்கள். நாம் கண்டென்ஸ்ட் பால் என்று வாங்குவதில் பல, பாமாயில் சேர்த்த இனிப்பு கிரீமர். நீங்கள் அதை இரண்டு துண்டு வெள்ளை ரொட்டியோடு சாப்பிடுகிறீர்கள். நியூட்டன் வரைக்கும் தாங்கியதே பெரிது.

300 மில்லி பாலில் புரதம் கிட்டத்தட்ட 10 கிராம், கொழுப்பும் அதே அளவு. பரவாயில்லை. ஆனால் குடித்துவிடுகிறீர்கள். கலோரி சமமாக இருந்தாலும், குடிப்பதைவிட மென்று சாப்பிடுவது பசியை அதிக நேரம் அடக்கும் என்று பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பல்லுக்கும் நாக்குக்கும் வேலை வந்தால்தான் மூளை அதைச் சாப்பாடு என்று கணக்கில் எழுதும். பன்னீர் ஜெயித்ததன் காரணம் பாதி அங்கே இருக்கிறது. மீதிப் பாதி, அதில் 100 கிராமுக்கு 18 கிராம் அளவில் புரதம், 20 கிராமுக்கு மேல் கொழுப்பு. கொழுப்பும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். பசிக்கு இது சரி. எல்லைக்கோட்டில் நிற்பவர் தினமும் 100 கிராம் பன்னீர் சாப்பிடலாமா என்பதை மருந்தகத்தில் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

தயிர் ஏன் பாலிடம் தோற்றது? எனக்கு இங்கேதான் சந்தேகம். கிராஞ்சியிலேயே வயிறு பேசியது, பெல்ட் இறுகியது என்கிறீர்கள். 4:45க்குக் குடித்த பால் 5:50க்கு. இது பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரியாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்துக் காற்று உண்டாக்குவது போலத்தான் தெரிகிறது. 300 மில்லியில் 14 கிராம் லாக்டோஸ் இருக்கும். உலகத்தில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு அதை உடைக்கும் நொதி வயதாக ஆகக் குறைந்துவிடுகிறது, ஆசியர்களில் இன்னும் அதிகம். வயிறு உப்பிக் கிடப்பதை நீங்கள் வயிறு நிறைந்ததாக எண்ணியிருக்கலாம். சாப்பிடத் தோன்றாது, ஆனால் அது திருப்தி இல்லை. தயிரில் லாக்டோஸ் கொஞ்சம் குறைவு, உயிருள்ள தயிர்க் கிருமிகள் மீதியை உடைக்கவும் உதவும். அதனால் உப்பவில்லை. நேர்மையாகப் பசித்தது.

சோதிக்க வழி இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பால் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். கொஞ்சம் தித்திக்கும், சர்க்கரை போட்டதல்ல. லாக்டோஸை முன்கூட்டியே குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைத்துவிடுவதால் வரும் தித்திப்பு. அதே 300 மில்லி, ஒரு வாரம்.

தயிரைக் கைவிடாதீர்கள். வடிகட்டிச் சாப்பிடுங்கள். சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 4 கிராம் அளவில்தான் புரதம். தண்ணீரை வடித்தால் 8, 9 வரும். கடையில் கிரீக் தயிர் வாங்கினால் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். "கிரீக் ஸ்டைல்" என்று போட்டிருப்பதில் சில, வடிக்காமல் கிரீம் சேர்த்துக் கெட்டியாக்கியவை. புரதம் 4, 5 என்றிருந்தால் நீங்கள் வாங்குவது விலை கூடிய சாதாரணத் தயிர்.

நியூட்ரி-கிரேட் எழுத்துக்கும் உங்கள் பசிக்கும் சம்பந்தமில்லை. அது முக்கியமாகச் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும்தான் பார்க்கிறது. 2022 டிசம்பர் 30 முதல் பாக்கெட் பானங்களுக்கு, அடுத்த வருடம் அதே தேதியில் கோப்பிக்கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லியில் நிறைவுற்ற கொழுப்பு 1.2 கிராமைத் தாண்டினால் "சி". முழுப்பாலில் 2 கிராமுக்கு மேல் இருக்கிறது, அதனால் "சி" விழுகிறது. கொழுப்பு நீக்கிய பானத்தில் 5 கிராம் வரை சர்க்கரை போட்டாலும் "பி" வாங்கிவிடலாம். எழுத்து பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். தேயை நின்றுகொண்டே குடிக்கிறீர்களா?

---

டபுள்டெக்கர்:

ஆமா. எப்படித் தெரியும்? ஒரு கையில கிளாஸ், ஒரு கையில ஷூ. பன்னீரை மட்டும் மேசையில உட்கார்ந்து முள்கரண்டியில குத்திச் சாப்பிட்டேன், பத்து நிமிஷம் ஆகும். அதுவும் கணக்குல வருமா?

---

லேப்கோட்:

வரும். மெதுவாகச் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிட்டே அடங்கும். உங்கள் சோதனையில் பன்னீருக்குப் பத்து நிமிடம் இனாமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

---

டபுள்டெக்கர் (மூணு வாரம் கழிச்சு):

சொன்ன மாதிரியே செஞ்சேன். எல்லாத்தையும் உட்கார்ந்து, பத்து நிமிஷம் எடுத்து. 3:50 அலாரம் 3:40 ஆயிடுச்சு, அந்தப் பத்து நிமிஷத்தை யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியல.

லாக்டோஸ் இல்லாத பால், அதே 300 மில்லி. வயிறு ஒரு வார்த்தை பேசல. பெல்ட்டும் சும்மா இருந்தது. ஆனா பசி திரும்பும்போது நியூட்டன்லயே வந்திடுச்சு. முன்னாடி பியூட்டி வோர்ல்ட் வரைக்கும் வந்ததா எழுதியிருந்தேனே, அதுல அரை மணி நேரம் பாலோடது இல்ல, காத்தோடது. இத்தனை வருஷமா "பால் குடிச்சா வயிறு கம்முன்னு இருக்கும்"னு புள்ளைங்களுக்குச் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

அடுத்து தயிர் வடிக்கிற வேலை. பழைய வேட்டியைக் கிழிச்சு, ஒரு கிலோ தயிரைக் கட்டி, சமையலறைக் குழாய்ல தொங்கவிட்டேன். ராத்திரி தண்ணி குடிக்க எழுந்த என் மகன் இருட்டுல அதை மூஞ்சியில இடிச்சிக்கிட்டான். வீவக அடுக்குமாடி வீட்டுல அடுத்த வீட்டுக்காரர் எழுந்திருக்கிற அளவுக்குச் சத்தம். அதுக்கப்புறம் வடிகட்டியில வெச்சு, கீழ சட்டி போட்டு ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளிட்டேன். காலையில பார்த்தா பாதிதான் மிச்சம், கத்தியால வெட்டலாம் போல இருக்கு. சட்டியில இறங்கின தண்ணியை நான் ஊத்தப் போனேன், மனைவி பிடுங்கிச் சப்பாத்தி மாவு பிசைஞ்சிட்டாங்க.

வடிச்ச தயிர் 200 கிராம், வெள்ளரிக்கா நறுக்கிப் போட்டு, உப்பு, கொஞ்சம் சீரகம், ரெண்டு துண்டு ரொட்டி. முதல் நாள் புக்கிட் பாஞ்சாங் வந்தது, திரும்பும்போது. ரெண்டாம் நாளும் அதே. நாலாம் நாள் கிராஞ்சி. பன்னீரோட சரிசமமா நிக்குது, கொழுப்பு கம்மி. பன்னீரை வாரத்துக்கு ரெண்டு நாள்னு வெச்சிக்கிட்டேன், மருந்தகத்துலயும் கேட்டேன், சரின்னாங்க.

அக்கா, தயிர் சாதம் விஷயத்துல நீங்க சொன்னதுதான். சோத்தை அளந்து பார்த்தேன், மூணு பேர் சாப்பாடு. ஒரு கரண்டி சோறும் மீதி வடிச்ச தயிருமா ஒரு நாள் கலந்து சாப்பிட்டேன். கொட்டாவி இல்ல. ஆனா அதைத் தயிர் சாதம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

தே தாரிக்கை விடல. இடத்தை மாத்தினேன். எட்டரைக்கு இறங்கி, இன்டர்சேஞ்சு பக்கத்துக் கோப்பிக்கடையில தே சி கோசோங். சக்கரை இல்லாத ஆவியாக்கின பால். முதல் வாரம் மருந்து மாதிரி இருந்தது. கடை அங்கிள் மூணு தடவை கேட்டார், "கோசோங்? கன்ஃபர்ம்?"னு. இப்போ கேட்கறதில்ல, என் தலையைப் பார்த்ததும் டின்னை மாத்தி எடுக்கறார்.

அந்தப் பாட்டி போன செவ்வாய்க்கிழமை திரும்ப ஏறினாங்க. கார்டு கழுத்துல தொங்கிட்டு இருந்தது, கயிறு கட்டி. நேரா தட்டிட்டு உள்ள போயிட்டாங்க. என்னைப் பார்க்கவே இல்ல.

---

போத்தோங் பாசிர் அக்கா:

வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிஞ்சிட்டுப் போடுங்க தம்பி, நறுக்கிப் போட்டா காலையில வடிச்ச தண்ணியெல்லாம் திரும்ப வந்திடும். கயிறு கட்டினது நல்ல பாட்டி.